போளூர் மாப்பிள்ளைக்கு வேர் விட்டது

"ஏரிக்கு நாம எல்லாரும் விருந்தாளிங்கப்பா. விருந்தாளியாப்பட்டவன்..." என்று ஆரம்பித்தார் அப்பாதுரைப் பெரியவர். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது கோரைப்பாக்கத்தில் யாருக்கும் நினைவில்லை. சொன்னார் என்பது மட்டும் உறுதி. ஏரிக்கரைக் கூட்டத்தில் மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவில் பஜ்ஜித் தட்டு வந்துவிட்டது. தட்டு காலியாகி ஊர் நிமிர்ந்து பார்த்தபோது பெரியவர் நன்றி கூறிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரிடமே போய்க் கேட்டார்கள்.

"நல்லா பேசினேனா?" என்று கேட்டார் பெரியவர்.

"பிரமாதமா பேசினீங்க."

"அப்போ அதும்படியே நடந்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோரைப்பாக்கத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னால் சொன்னபடி நடப்பார்கள். சொன்னது பாதிதான் காதில் விழுந்தது என்றால் மீதியைக் கூடி உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள்.

"விருந்தாளியாப்பட்டவன் வெறுங்கையோட போகக்கூடாது. அதான் சொல்லியிருப்பாரு," என்றார் சடகோபன். இவர் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். எதையும் நிறுத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

"இல்லய்யா, சொல்லாம கொள்ளாம போகக்கூடாதுன்னாரு. என் காதால கேட்டேன்," என்றார் மைக்செட் மாசிலாமணி.

"போனா சட்டுனு எழுந்து வந்துடணும். அதான் மரியாதை," என்றார் பூவராகன். இவருக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. ஆகவே பஞ்சாயத்துகளில் தீர்ப்பு இவர்தான் சொல்வார்.

மூன்றையும் சேர்த்துச் செய்வதென்று முடிவாயிற்று. காலையில் மாசிலாமணி தனியாக ஏரிக்குப் போய், "சாயங்காலம் நாங்க நாலு பேரு வரோம். பெருசா ஒண்ணும் செய்ய வேணாம், காபி மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டு வந்தார். மாலையில் நான்கு பேரும் சலவைச் சட்டை போட்டு, வாழைப்பழச் சீப்பும் மிக்சர் பொட்டலமுமாகக் கரையில் போய் நின்றார்கள். காபி வரவில்லை. ஏரி கோபமாக இருக்கிறது என்று முடிவு கட்டித் திரும்பும் நேரத்தில் ஒரு தவளை கத்தியது.

"உள்ள வரச் சொல்லுது," என்றார் பூவராகன்.

நான்கு பேரும் முழங்கால் ஆழத்தில் சிறிது நேரம் நின்று, சட்டென்று எழுந்து வருகிற மரியாதையைக் கடைப்பிடித்து, வீடு திரும்பினார்கள். மிக்சரை ஓர் ஆடு தின்றது.

அந்த நாலாவது ஆள்தான் ஏகாம்பரம். ஏரிக்கரைத் தோட்டக் குழுவின் தலைவர். கரை நெடுக மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் புதரை எடுத்துவிட்டு நல்ல செடிகளாக வைக்கலாம் என்று ஊர் முடிவு செய்தபோது, "நான் முன்னால நிக்கிறேன்," என்று கையைத் தூக்கியவர். அதற்குக் காரணம் இருந்தது. ஏகாம்பரம் கோரைப்பாக்கத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்து, தலை நரைத்து, மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இன்னும் ஊரில் அவருக்குப் பெயர் 'போளூர் மாப்பிள்ளை'. கோயில் திருவிழாவில் வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது, "மொதல்ல உள்ளூர்க்காரங்க வாங்கட்டும்," என்பார்கள். ஏகாம்பரம் நகர்ந்து நின்றுகொள்வார். ஒருநாளாவது நகராமல் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தத் தோட்டம் தழைத்துவிட்டால் ஊர் தன்னை உள்ளூர்க் கணக்கில் சேர்த்துவிடும் என்று நம்பினார். இதை மனைவி கனகவல்லியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"வெத்தல பாக்குதானே, நான் வாங்கித் தரேன்," என்றாள் கனகவல்லி. அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுக்கு அது புரியவில்லை.

யோசனை சொல்ல, பக்கத்து டவுனிலிருந்து வடிவாம்பாள் டீச்சர் மொபெட்டில் வந்தார். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல்.

"நம்ம மண்ணுச் செடியா வைங்க. நொச்சி, புங்கை, நீர்மருது, தண்ணியோரமா வெட்டிவேர். வெளியிலேர்ந்து வந்த செடியெல்லாம் வேரோட எடுத்துடுங்க. அதுங்க பரவி ஏரியையே முழுங்கிடும்."

"எது நம்ம செடி, எது வெளிச்செடின்னு எப்படி டீச்சர் தெரியும்?"

"தெரியலைன்னா விசாரிங்க," என்று சொல்லிவிட்டு டீச்சர் மொபெட்டை உதைத்தார்.

விசாரிப்பது கோரைப்பாக்கத்துக்குப் புதிதல்ல. பெண் எடுக்கும்போது எப்படி விசாரிப்பார்களோ அப்படியே விசாரித்தார்கள். நான்கு பேரும் தாம்பூலத் தட்டுடன் கரையில் ஜமுக்காளம் விரித்து, ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தார் சடகோபன்.

செடி பேசவில்லை.

"சம்பந்தப்பட்டவங்ககிட்ட நேரா கேக்கக் கூடாதுய்யா. அக்கம்பக்கத்துல கேக்கணும்," என்றார் பூவராகன். ஜமுக்காளத்தை நகர்த்திப் பக்கத்துச் செடியிடம் போனார்கள். அதுவும் பேசவில்லை.

"ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் தப்பா சொல்லலை பாரு. ரெண்டும் நல்ல குடும்பம்."

அந்த முறையில் நொச்சியும் புங்கையும் தேறின. வேலிக்காத்தான் மாசிலாமணியின் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கிழித்ததால் தேறவில்லை. உண்ணிச்செடி அவர் முதுகைக் கீறியது, அதுவும் போயிற்று. இப்படி அவர்கள் எடுத்ததெல்லாம் எடுக்க வேண்டிய செடியாகவே அமைந்துவிட்டது. அடுத்த முறை வந்த டீச்சர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வெளிச்செடின்னா புதர் மட்டும்னு நெனைக்காதீங்க," என்றார். "மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி, வேர்க்கடலை, எல்லாமே கடல் தாண்டி வந்ததுதான்."

"மிளகாயுமா!" ஏகாம்பரம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஆமா. ஆனா அதுங்க..."

டீச்சர் வாக்கியத்தை முடிக்கும்போது கரையில் யாரும் இல்லை. 'அதுங்க வீட்டுத் தோட்டத்துல இருந்துட்டுப் போகட்டும், ஏரிக்கு ஒண்ணும் பண்ணாது' என்ற மீதியை ஒரு கொக்குதான் கேட்டது. குழு அதற்குள் வீடு வீடாகப் போய் மிளகாய்ச் செடியை எல்லாம் பிடுங்கிவிட்டிருந்தது. கொய்யா மரத்தை வேரோடு பிடுங்க முடியாததால் அதனிடம் மட்டும், "ஒரு வாரம் டைம். நீயா கெளம்பிடு," என்று சொல்லிவைத்தார்கள்.

அன்று முதல் கோரைப்பாக்கத்தில் காலையில் மிளகுப் பொங்கல், மதியம் மிளகுக் குழம்பு, இரவு மிளகு ரசம். ஊரே தும்மியது.

"நீங்க போய் உக்காந்து கேளுங்க, அந்த மிளகு எந்த ஊருன்னு," என்றாள் கனகவல்லி.

"கேட்டாச்சு. உள்ளூரு இல்லைன்னாலும் பக்கத்து மலைதானாம்," என்றார் ஏகாம்பரம் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

செடிகள் நட்டாயிற்று. "வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. அப்புறம் ஒரு சொட்டுக்கூட வேணாம்," என்றார் டீச்சர். வேர் பிடித்தது. மறுநாள் மழையும் பிடித்துக்கொண்டது.

"என்னய்யா இது, வானம் டீச்சர் பேச்சைக் கேக்கலையே!" என்று பதறினார் சடகோபன். நான்கு பேரும் ஊரிலுள்ள குடைகளை எல்லாம் திரட்டிக்கொண்டு ஓடினார்கள். செடிக்கு ஒரு குடை. போதாத இடங்களில் மாசிலாமணி கையை அகல விரித்து நின்றார். கனகவல்லி தேடிக்கொண்டு வந்தபோது கரை முழுக்கச் செடிகள் குடைக்கடியில் நின்றன, குழு நனைந்துகொண்டிருந்தது.

"என்னங்க பண்றீங்க?"

"செடிக்குத் தண்ணி படாம பாத்துக்கறோம் கனகு."

"அது நிக்கிறதே தண்ணியிலதாங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். ஏரி ஏறி வந்து கணுக்கால் வரை நின்றது.

பூவராகன் வெகுநேரம் யோசித்தார். "மேலேருந்து ஊத்தறதைத்தான் டீச்சர் வேணாம்னாங்க. கீழேருந்து வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை," என்று தீர்ப்பளித்தார். குடைகள் அப்படியே இருந்தன.

பனிக்காலத்தில் தாழைக்கோழிகள் வந்து கோரைக்குள் கூடு கட்டின. டீச்சர் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "யாரும் சத்தம் போடாம பாத்துக்கோங்க," என்றார். இது தன் துறை என்று மாசிலாமணிக்குப் பட்டது. கரையின் இரண்டு முனையிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டி, பொழுது விடிந்ததும் தொடங்கினார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! ஏரியில் பறவைகள் கூடு கட்டியிருப்பதால் யாரும் சத்தம் போட வேண்டாம் என்று மிகவும் பணிவன்புடன், பணிவன்புடன், பணிவன்புடன்..."

தாழைக்கோழிகள் மொத்தமாக எழுந்தன. ஏகாம்பரம் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "அது உங்களுக்குச் சொன்னதில்ல! பொதுமக்களுக்கு! நீங்க பாட்டுக்கு உக்காருங்க!" என்று அவற்றிடம் மன்னிப்புக் கேட்டார். முதல் அறிவிப்பில் பறக்காத நாரைகளும் அப்போது பறந்தன. நல்லவேளையாகச் சிறிது நேரத்தில் பேட்டரி தீர்ந்தது. பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"பணிவன்புடன்னு சொன்னேன்ல. அதான் வந்துட்டாங்க," என்றார் மாசிலாமணி.

இவ்வளவுக்கும் நடுவில் கரை பச்சை கட்டிவிட்டது. நொச்சி பூத்தது. வெட்டிவேர் மண்ணைப் பிடித்துக்கொண்டது. ஏகாம்பரம் தினமும் சாயங்காலம் கரையில் நடந்து, யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு வருவார். "போளூர் மாப்பிள்ளை நல்லாத்தான் பண்ணியிருக்காரு," என்றார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கோடையில்தான் வினை வந்தது. டீக்கடையில் சடகோபன் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"செடிக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமாய்யா? வெளிச்செடியை எல்லாம் எடுத்துட்டோம். நம்ம வீட்டுல இருக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் வெளியூரு."

ஏகாம்பரம் அன்று டீக்கடைக்கு வரவில்லை. மற்றவர்கள் தத்தம் மனைவியின் ஊரை நினைத்துப் பார்த்தார்கள். ஆரணி, வந்தவாசி, செங்கம். ஒன்றுகூடக் கோரைப்பாக்கம் இல்லை.

"பரவியும் இருக்காங்க," என்றார் மாசிலாமணி. அவருக்குப் பிள்ளைகள் அதிகம்.

விஷயத்தைப் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று ஆண்கள் கலங்கினார்கள். சொன்ன பிறகு தெரிந்தது, கலங்கியிருக்க வேண்டாமென்று. பள்ளி விடுமுறை, பிறந்த வீட்டில் மிளகாய் போட்ட சமையல். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி செய்து, பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனார்கள். "வேரோட எடுக்கணும்னு சொன்னாங்கல்ல," என்று சடகோபனின் மனைவி மிக்சியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஊரில் அடுப்பு எரிந்தது கனகவல்லி வீட்டில் மட்டும்தான். குழு மூன்று வேளையும் அங்கே வந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் மதியம், பூவராகன் ரசத்தை உறிஞ்சிவிட்டு இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"கனகு நம்ம ஊருப் பொண்ணு. அதனால இருக்கு. சரி." விரலை நக்கிக்கொண்டார். "மாப்ள எப்படி இன்னும் இங்க இருக்காரு?"

நான்கு இலைகளில் மூன்று இலைக்காரர்கள் நாலாவது இலையைப் பார்த்தார்கள்.

ஏகாம்பரத்தின் கையிலிருந்த அப்பளம் உடைந்தது. "நான்... இந்தக் கரையே நான் வச்சது. இந்த மண்ணுல நான் வேர் விட்டு எத்தனை வருசமாச்சு!"

"வேலிக்காத்தானும் அதான் சொல்லும் மாப்ளே," என்றார் சடகோபன் வருத்தமாக. அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எங்களுக்கும் மனசு கேக்கலை. மோர் ஊத்தும்மா."

"டீச்சரைக் கேட்டுடலாம்," என்றாள் கனகவல்லி. அவளுக்கு முதல் முறையாகக் கொஞ்சம் பயம் வந்திருந்தது. இவர்கள் பிடுங்குவதென்றால் பிடுங்கிவிடுவார்கள்.

போனை இலைகளுக்கு நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"டீச்சர், நம்ம ஏகாம்பரம் மாப்ள போளூர்க்காரரு. பிடுங்கிடணுமா, விட்டுடலாமா?" என்று கேட்டார் பூவராகன்.

டீச்சருக்கு இதற்குள் கோரைப்பாக்கத்தோடு நன்றாகப் பழகிப் போயிருந்தது.

"பரவறாரா?" என்று கேட்டார்.

"ஒரே பொண்ணு டீச்சர். பெங்களூர்ல இருக்கு."

"அப்போ அந்தப் பக்கம் பரவியிருக்காரு. அதை பெங்களூர்க்காரங்க பாத்துக்கட்டும். நிழல் உண்டா, பலன் உண்டா?"

எல்லோரும் கனகவல்லியைப் பார்த்தார்கள்.

"பெருசா ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றாள் அவள். பிறகு மோர்க்கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "ஆனா எனக்குப் பழகிடுச்சு. எடுக்க வேணாம்," என்றாள்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு உடைந்த அப்பளத்தை ஒட்டவைக்கப் பார்த்தார்.

"அவ்வளவு ஆசையா இருந்தா ஒரு வழி இருக்கு," என்றார் டீச்சர். குரலில் சிரிப்பு இருந்தது. அது ஸ்பீக்கரில் கேட்கவில்லை. "வெளிச்செடியை நாம தொட்டியில வச்சுக்குவோமில்ல, அந்த மாதிரி அவரையும் ஒரு தொட்டியில வச்சுக்கோங்க. ஏரிப்பக்கம் பரவாம பாத்துக்கோங்க. வாரத்துக்கு ஒரு தடவை மண்ணைக் கிளறி விடுங்க." போன் வைக்கப்பட்டது. டீச்சர் அன்று சாயங்காலம் வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி இருந்தது. மாடு இல்லாததால் சும்மாதான் கிடந்தது. பக்கச் சுவரின் அடியில் தண்ணீர் திறந்துவிடுகிற ஓட்டை. அதைத் துணி வைத்து அடைத்திருந்தார்கள். "செடித் தொட்டிக்கு அந்த ஓட்டை வேணும், இல்லைன்னா அழுகிடும்," என்று சடகோபன் துணியை எடுத்துவிட்டார்.

"மண்ணு?" என்றார் மாசிலாமணி.

"இந்த ஊரு மண்ணைப் போட்டா, அப்புறம் தொட்டி எதுக்கு?" என்றார் பூவராகன்.

ஏகாம்பரத்தின் தம்பி போளூரிலிருந்து நாலு மூட்டை மண்ணைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. அண்ணன் வாக்கப்பட்ட ஊரைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நல்ல நாள் பார்த்து, தொட்டிக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஏகாம்பரத்தை உட்கார வைத்துக் கணுக்காலுக்கு மேல் வரை மண்ணைப் போட்டு மூடினார்கள். காலையில் வெயில், மதியம் கீற்றுப் பந்தல் நிழல். கனகவல்லி காபியைத் தொட்டிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரி படுக்க மட்டும், "பனி படக் கூடாது," என்று சொல்லி உள்ளே தூக்கி வைத்துக்கொள்வார்கள். குழுக் கூட்டம் தொட்டியைச் சுற்றி நடந்தது. ஏகாம்பரம் தலைமை வகித்தார். ஆனால் முகம் வாடியே இருந்தது. மாசிலாமணி ஓர் இலையைக் கிள்ளிப் பார்ப்பது போல அவர் காதைத் தொட்டுப் பார்த்து, "உரம் போடணும் போல," என்றார். மிளகுப் பொங்கல் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டார்கள். வாட்டம் தெளியவில்லை.

வாரக் கடைசியில் மாசிலாமணி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி மண்ணைக் கிளறினார்.

"மெதுவாய்யா, காலு!"

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்துங்க மாப்ளே. இன்னும் கொஞ்சம்."

ஏகாம்பரம் காலை ஓரமாக நகர்த்தி மண்ணுக்குள் அழுத்தினார். ஏதோ ஒன்றில் போய் மாட்டிக்கொண்டது. இழுத்தார்; வரவில்லை. அதே நேரம் தொட்டிக்கு வெளியே குந்தியிருந்த பூவராகன் எழுந்து நின்று கத்தினார்.

"வேரு! வேரு விட்டுடுச்சு!"

எல்லோரும் ஓடிப்போய்த் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார்கள். தொட்டியின் அடி ஓட்டையிலிருந்து கட்டையாக ஒன்று வெளியே வந்து, முனை வளைந்து, கோரைப்பாக்கத்து ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"நகம் இருக்கே?" என்றார் சடகோபன்.

"போளூர் ரகம் அப்படித்தான் இருக்கும்."

"தொட்டியை ஒடைச்சுக்கிட்டு நம்ம மண்ணுல எறங்கியிருக்குன்னா..." சடகோபன் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தார். இரண்டு தட்டும் சமமாக நின்றன போலும். எழுந்து வேட்டியை உதறினார். "அப்போ இனிமே அது நம்ம செடிய்யா. மாப்ள உள்ளூரு!"

பூவராகன் அதைத் தீர்ப்பாக அறிவித்தார். மாசிலாமணி மைக் கொண்டுவர ஓடினார். ஏகாம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. விரல் வலியா, மற்றதா என்று அவருக்கே தெரியவில்லை.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கனகவல்லி, உள்ளே போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். "என்னங்க, கட்டைவிரல் வீங்குதே! எண்ணெய் போட்டு வழுக்கி உள்ள இழுத்துடலாம். ஒரு நிமிசம், ஆடாம இருங்க."

"அம்மா, அம்மா!" பூவராகன் குறுக்கே வந்து நின்றார். "இழுத்தா வேரு அறுந்துபோயிடும். அப்புறம் மறுபடியும் போளூருதான். எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

கனகவல்லி கிண்ணத்தோடு நின்றாள். சடகோபன் நின்றார். தெருமுனையில் மாசிலாமணி மைக்கை ஊதிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

ஏகாம்பரம் விரலை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.